கிளப் சுவரில் உன் கட்டுரை

அன்பு மகள் ரொசானேவுக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகம். நானும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை என் கதையைப் பிறகு சொல்கிறேன். இங்கே குளிர் இறங்கிவிட்டது, கொல்லையில் கமலா ஆரஞ்சு பழுத்துக் கொட்டுகிறது, லிஸ்பனில் உனக்கு என்ன பழம் கிடைக்கிறதோ என்று அம்மா புலம்புகிறாள்.

நீ அனுப்பிய ஆய்விதழ் வந்து சேர்ந்தது. உன் பெயரை அச்சில் பார்த்து அம்மா அழுதாள், நானும்தான். ஆனால் கட்டுரைத் தலைப்பைப் படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் போச்சா பந்து உருட்டி விளையாடும் கிளப்பில் நீ ஃபுட்பால்காரர்களின் முட்டியைச் சரிசெய்யும் பிசியோ என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறேன். இதழை அலமாரியில் ஒளித்தேன். உன் அம்மா சும்மா இருப்பாளா, சனிக்கிழமை கிளப்பில் கறி சுடும்போது பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள். உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வல்தோமிரோ வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்: புராஸ்டேட் அறுவைக்குப் பின் ஆண்களின் சிறுநீர்க் கசிவும் இடுப்படித் தசைப் பயிற்சியும். “என்னய்யா ஒலிவியோ, உன் பொண்ணு பாக்குற முட்டி ரொம்ப மேல இருக்கே” என்றாரே பார், எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா, “அது வேற ரொசானேய்யா, எங்க பொண்ணு இல்ல” என்றேன். அம்மா வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. பெற்ற மகளை இல்லை என்ற வாய் இது. எழுதும்போதே கூசுகிறது.

மறுநாள் காலை வல்தோமிரோ தனியாக வந்தார். மாத்தே தேநீர்க் குடுவை எங்கள் இருவர் கையிலும் மாறி மாறிப் போனது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, “அந்த வேற ரொசானேக்கு எழுதிப் போட்டா பதில் போடுவாங்களா?” என்று கேட்டார். அவருக்கும் அதே ஆபரேஷனாம், வெளியூரில் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டாராம். “அவ என் பொண்ணுதான் வாத்தியாரே, நானும் நனைச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்” என்றேன். ஆமாம் கண்ணு, என் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் ஆறிவிட்டது என்று போனில் சொன்னது பொய். இருமினால் போதும், கால்சட்டை நனைந்துவிடுகிறது. இதையே படித்த மகளிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் மூடி வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே இதழைக் கிளப் சுவரில், நாங்கள் ஜெயித்த கோப்பைகளுக்குப் பக்கத்தில், ஆணியடித்து மாட்டினேன். இது என் மகள் எழுதியது, இதில் சொன்ன தொந்தரவு எனக்கும் இருக்கிறது என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கிட்டேயும் போகவில்லை, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் விழிக்காதே. கடவுள் உன் கைகளுக்கு நல்ல ராசியைக் கொடுக்கட்டும். இந்த அப்பனை மன்னித்துவிடு. மறக்காமல் அந்த இதழில் இன்னும் நாலைந்து பிரதி அனுப்பு. பயிற்சிப் படம் போட்ட பக்கத்தை அதற்குள் எவனோ கிழித்துக்கொண்டு போய்விட்டான். வல்தோமிரோ தான் இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

ரொசானேவின் அப்பா,
ஒலிவியோ