பொட்டோடு திரும்பி வந்த பாக்கெட்டுகள்

கார்த்திகை 5, வெள்ளி

விடியலில் இருந்து மழை. முந்திரிப் பருப்பு நமுத்துவிடும் என்று கொட்டகைக் கதவைச் சாத்தி வைத்தே வேலை.

மதியம் கம்பெனி வண்டி. ஆன்லைனில் விற்கிற பெரிய கம்பெனி. நம் முந்திரி முக்கால்வாசி அவர்களுக்குத்தான். இன்று எடுத்துப் போக வரவில்லை, திருப்பிப் போட வந்தது. லோடு முழுக்க.

டிரைவர், "லேபிள்ல கறைன்னு போட்டிருக்காங்கம்மா. கையெழுத்து போடுங்க."

பிரித்தேன். பாக்கெட்டில் எப்போதும் போல இவர் படம். ஒவ்வொரு நெற்றியிலும் குங்குமப் பொட்டு.

பேக்கிங் அஞ்சலை தலை குனிந்தபடி, "அன்னிக்கு அமாவாசை அக்கா. போய்ட்டவங்க படத்த பொட்டு வைக்காம எப்டி வெளிய அனுப்புறது? எல்லாருமாத்தான் வச்சோம்."

ஆவணியில் இவர் போனார். வீட்டில் மாட்டிய படத்துக்கு நான் இன்னும் பொட்டு வைக்கவில்லை.

கார்த்திகை 6, சனி

வாங்க: எலிப்பொறி, பேக்கிங் டேப், காபித்தூள். கரண்ட் பில்.

ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தோம். முகம் முழுக்கச் சிவப்பாகப் பரவியது. போதும், நிறுத்துங்கள் என்றேன்.

கொட்டகைக்குள் போனால் முதுகு கூசுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர். கதவைச் சாத்திவிட்டு வந்தாலும் பார்க்கிற மாதிரி.

கொழுந்தன் சேகர் போன். "அண்ணி, கம்பெனிலேந்து புது கண்டிசன் வந்துருக்கு. திங்கக்கெழம பேசணுமாம். சிதம்பரம் வந்துடுங்க."

கார்த்திகை 8, திங்கள்

சிதம்பரம். பஸ் ஜன்னல் ஒழுகி ஒரு பக்கச் சேலை நனைந்தது.

சேகர் வீட்டு கம்ப்யூட்டரில் கம்பெனிப் பெண். சின்ன வயது. இரண்டு வழி சொன்னாள். ஒன்று, பருப்பு நம்முடையது, பெயரும் பாக்கெட்டும் அவர்களுடையது. மாதாமாதம் ஆர்டர் உறுதி. இரண்டு, நம் பாக்கெட்டே இருக்கலாம். ரேட்டைக் குறைக்க வேண்டும், ஆர்டர் உறுதி இல்லை, திரும்பி வருகிற சரக்குக்கு வண்டிச் செலவு நம் தலையில்.

"மொதல் வழின்னா எதுவுமே உங்களுக்குத் திரும்பி வராது மேடம்."

சேகர் காதோரம், "ஒத்துக்குங்க அண்ணி. இதுக்கு மேல எறங்கி வர மாட்டாங்க."

புதன் வரை டைம் கேட்டேன்.

சோறு போடும்போது சேகர், "அண்ணன் இருந்தா அந்தப் பொண்ணுக்கு ஒரு டப்பா வறுத்த பருப்பு அனுப்பியே கவுத்திருப்பாரு." சிரித்துவிட்டேன்.

எதுவுமே திரும்பி வராது.

கார்த்திகை 9, செவ்வாய்

அஞ்சலையிடம் சொன்னேன்.

"அப்ப அண்ணன் மூஞ்சி?"

"இருக்காது."

"வேல?"

"இருக்கும்."

"அப்றம் என்னக்கா யோசன. எங்களுக்கும் வயிறு இருக்குல்ல." சொன்னவளே அழுதாள்.

சாயங்காலம், கொட்டை வேக வைக்கிற பாய்லர் பக்கம் இருமல். இவர் இருமல்தான். உடனே போய்ப் பார்க்கவில்லை. இருமல் நின்றதும்தான் போனேன். யாரும் இல்லை.

கார்த்திகை 10, புதன்

சேகர் இல்லாமல் நானே போனில் பேசினேன்.

"பாதி சரக்கு உங்க பேர்ல போட்டுக்கம்மா. பொம்பளைங்களுக்கு வேல நிக்கக் கூடாது. பாதி எங்க பாக்கெட்."

"பாதின்னா ரெண்டுக்குமே ரேட் குறையும் மேடம்."

"கொறச்சிக்க."

"உங்க பாக்கெட் ரிட்டர்ன் ஆனா அங்கயே அழிச்சிடச் சொல்லவா? செலவு கம்மி."

"வேணாம். இங்கயே அனுப்பு."

"வண்டிச் செலவு உங்களோடதுதான்."

"தெரியும்மா."

"எல்லாரும் ரிட்டர்ன் வேணாம்னுதான் மேடம் எங்ககிட்ட சண்ட போடுவாங்க."

வண்டிச் செலவை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

சேகருக்குக் கோபம். "வியாபாரமா அண்ணி இது?" போனை வைத்துவிட்டான்.

கார்த்திகை 15, திங்கள்

வெயில். பருப்பு காய்ந்தது. இவர் படம் போட்ட புது லேபிள் ஒட்டிய நம் சரக்கு முதல் லோடு.

கடைசிப் பெட்டி ஏறியதும் அஞ்சலை என் முழங்கையை இடித்தாள். "சொல்லி அனுப்புக்கா."

டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள்ளேயே சொன்னேன், போய்ட்டு வாங்க.