நடுக்கடலில் எந்த ஊர்ச் சட்டம்?

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், சித்தியும் இப்போது இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா?

சித்தி விஷயத்தைப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன், நீயும் எல்லாம் என்னால்தான், சித்திக்கு அந்த உல்லாசக் கப்பல் டிக்கெட்டே நான் எடுத்துக் கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். முழுக்கக் கேள். பயணத்தின் மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது, அறை சுத்தம் செய்கிறவன் தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்து அவளைப் பலவந்தப்படுத்தியிருக்கிறான். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவர, அவன் தப்பியோடி, கப்பல் அடுத்து நின்ற துறைமுகத்தில் இறங்கி மறைந்துவிட்டான். கப்பல் அதிகாரி வந்து, இதுல ஒரு கையெழுத்து போடுங்க, இதோட முடிஞ்சுடும் என்று, புகார் எதுவும் இல்லை என அச்சடித்த தாளை நீட்டினாராம். இவள் போடவில்லை. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து, கப்பல் டாக்டரிடம் காட்டி அவர் எழுதியதற்கு நகல் வாங்கி, காமிராப் பதிவை அழிக்காதீர்கள் என்று எழுதியும் கொடுத்திருக்கிறாள். அந்த நடுக்கத்திலும் எப்படியடி தோன்றியது என்று கேட்டால், ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல இருபது வருஷம் சும்மாவா உக்காந்திருந்தேன் என்கிறாள்.

எனக்குத்தான் மண்டை குடைந்தது. கப்பல் ஒரு நாட்டுக் கொடியோடு ஓடுகிறது, கம்பெனி இன்னொரு நாட்டில், நாம் வேறெங்கோ, அப்புறம் நடுக்கடலில் எந்த ஊர்ச் சட்டம்? அச்சகத்தில் புரூஃப் பார்த்த கண் சும்மா இருக்குமா, டிக்கெட்டின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வழக்குப் போட ஒரு வருஷம்தான் கெடு, அதுவும் அவர்கள் சொல்கிற கோர்ட்டில்தான் என்று ஒரு மூலையில் பதுங்கியிருந்தது. அதற்குள் எட்டு மாதம் போயிருந்தது. அடித்துப் பிடித்து ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். கொடி நாட்டிலும், கப்பல் நின்ற துறைமுகத்திலும், நம் போலீசிலும் புகார் கொடுத்துப் பார்க்கலாம், கம்பெனிமேல் போடுகிற வழக்கு அது தனி என்றார். நான் கேட்ட கேள்விகளுக்கு, நீங்களே கறுப்புக் கோட்டு மாட்டிக்கலாம் போலிருக்கே என்று சிரித்தார்.

கெடு முடிவதற்குள் அவர்கள் சொன்ன கோர்ட்டிலேயே வழக்குப் போட்டோம், போன செவ்வாய் வீடியோவில் விசாரணை. அவன் செய்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று சாதித்த அவர்கள் வக்கீல், கதவை ஏன் திறந்தீர்கள் என்று சித்தியைக் கேட்டார். நான் எங்கங்க திறந்தேன், அவன்தான் திறந்தான், சாவி நீங்க குடுத்தது என்றாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. அவனையும் வேறொரு துறைமுகத்தில் பிடித்துவிட்டார்கள்.

நல்லா இரு கண்ணா, உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சித்திக்குப் போன் செய். மன்னிப்பு மட்டும் கேட்காதே, கேட்கிறவர்களையெல்லாம் அவளே தேற்ற வேண்டியதாகிவிடுகிறது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா