நீ பிரிக்கக் கூடாத சீட்டு

அன்பு யுன்ஷூ,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம்தான், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனகத் தொடங்கிவிடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொள்கிறாயா, ஒன்றும் தெரியவில்லை, பத்தொன்பது நாளாக நீதான் என் போனை எடுப்பதில்லையே. அதனால்தான் தாளை எடுத்தேன், கடிதத்தை உன்னால் பாதியில் வெட்டிவிட முடியாது பார்.

அன்று வீடியோவில் உன் பேராசிரியை ஹெலன் வந்து, உன்னைப் போல உழைக்கிறவள் ஆராய்ச்சிக்கூடத்திலேயே இல்லை என்றார். எனக்குக் காது குளிர்ந்துபோனது. ஆனால் பெற்ற பிள்ளையைப் புகழ்ந்தால் நாம் என்ன செய்வோம், ஐயையோ அதெல்லாம் இல்லை என்று மறுப்பதுதானே மரியாதை? முதியோர் வகுப்பில் கற்ற இங்கிலீஷையெல்லாம் திரட்டி, இவள் சோம்பேறி, மந்தம், நன்றாகத் திட்டுங்கள் என்றேன். எதிர்வீட்டு ஃபாங் அக்காவாக இருந்தால் சிரித்துக்கொண்டே உன்னை இன்னும் இரண்டு மடங்கு புகழ்ந்திருப்பாள். ஹெலன் அம்மாவோ முகம் சுண்டிப்போய் உன்னைப் பார்த்தார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு அப்பாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினாய், “அந்த வழக்கம் எனக்கும் தெரியும்ப்பா, ஆனா வீட்டுக்குள்ளகூட அம்மா ஒரு தடவையாவது வேற மாதிரி சொன்னதில்லையே, புத்தாண்டு வசந்த விழாவுக்கு நான் ஊருக்கு வரல” என்று.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாமரைக்கிழங்கு சூப்பை அடுப்பில் மறந்து சட்டியைத் தீய்த்தேன், சாவியை அரிசிப் பானையில் போட்டுவிட்டு ஊரெல்லாம் தேடினேன். போன செவ்வாய் வகுப்பில் தாவ் டீச்சர் பலகையில் ‘ப்ரௌட்’ என்று எழுதினார். என் அகராதியில் கர்வம் என்று போட்டிருக்கிறது, நம் ஊரில் அது திட்டு. டீச்சரோ, “அங்கெல்லாம் ஒரு அம்மா பிள்ளையைப் பார்த்து இதைச் சொன்னா, உன்னால என் மனசு நெறஞ்சுபோச்சுன்னு அர்த்தம், வெட்கப்படாம வாய்விட்டுச் சொல்லுவாங்க” என்று சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் தத்தம் பிள்ளையை வைத்துச் சொல்லச் சொன்னார். பதினாறு கிழடுகளும் ஜன்னலைப் பார்த்தோம். மாவ் தாத்தா தன் பூனையை வைத்துச் சொன்னார், வகுப்பே கொல்லென்று சிரித்தது. என் முறை வந்தது. எழுந்தேன், உன் முகம் வந்து நின்றது. குடையைக்கூட எடுக்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். முப்பத்தொரு வருஷமாக இதை நான் எந்தப் பாஷையிலும் உன்னிடம் சொன்னதில்லை, அடி பெண்ணே, இப்போதும் வாய் வரமாட்டேன் என்கிறது.

இதோடு ஒட்டிய சீட்டு ஒன்று இருக்கிறது. அதை ஹெலன் அம்மாவிடம் கொடு. ஒரே ஒரு வாக்கியம்தான், டீச்சரிடம் காட்டாமல் நானே எழுதியது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல். நீ பிரிக்காதே. பிரித்துப் படித்தாலும் படித்தேன் என்று என்னிடம் சொல்லித் தொலைக்காதே, வசந்த விழாவுக்கு டிக்கெட் மட்டும் போடு. ஒட்டுமுன் அப்பா வாங்கிப் படித்துவிட்டார். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோய்நொடி அண்டாமல் மகராசியாய் இரு. காதை மூடிக்கொள்ள மறக்காதே.

உன் அம்மா,
குய்ஃபென்