ஜூலை முதல் தேதி மூன்றாவது சிட்டிங்

புதுக்கோட்டை,
மே 28.

அன்புள்ள எழிலரசனுக்கு,

கலைமதிக்கு வேலை உறுதியாகிவிட்டது. காது கேளாத பிள்ளைகள் பள்ளியின் தலைமையாசிரியர் பிரகதாம்பாள் நேற்று மாலை நாலரை மணிக்குப் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் நானும் உன் அம்மாவும் கேட்டோம். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது, அன்றே சேர வேண்டும்.

இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய். லீவில் வந்த நல்லதம்பி வெள்ளிக்கிழமை அங்கே கத்தாருக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு வரிசையாகச் சொல்லத்தான் வரும்.

மார்ச்சில் நேர்காணலுக்குப் போனபோது தலைமையாசிரியர் கேட்டது ஒன்றுதான்: "மாஸ்க் இல்லாம வகுப்பெடுப்பீங்களாம்மா? எங்க பிள்ளைக ஒதட்டப் பாத்துத்தான் படிக்கும்." கொரோனா போய் இத்தனை நாளாகியும் உன் மனைவி ஏன் மாஸ்க்கை விடவில்லை என்று உனக்குத் தெரியும். பருக்கள் விட்டுப்போன குழிகள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளாகவே தோல் மருத்துவர் சிவரஞ்சனியிடம் தேதி வாங்கியிருந்தாள்.

மைக்ரோநீட்லிங் என்கிறார்கள்; ஒவ்வொரு தடவைக்கும் சிட்டிங் என்று பேர். முகம் மரத்துப்போகக் களிம்பு தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். பிறகு பேனா போன்ற ஒரு கருவி, முனையில் மயிரிழை ஊசிகள். குழிகளின் மேல் அதை ஓட்டும்போது ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்க்கும். அந்தச் சின்னக் காயங்களை ஆற்றும் வேலையில் தோல் அடியிலிருந்து புதிதாக வளர்கிறது. குழி மெல்ல மேலெழுகிறது. நெற்றியில் மட்டும் வலித்ததாம். "முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். பாதி கொறஞ்சாலே நல்ல பலன்தான்" என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். இப்படிப் பேசுகிறவர்களை என் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாவது சிட்டிங் மே 20. வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அம்மா, "ஏத்தா, இது மொகமா மொளகாப்பழமா?" என்று கஸ்தூரி மஞ்சளோடு ஓடி வந்தாள். "கிட்ட வராதீங்க அத்தை, டாக்டர் குடுத்ததத் தவிர ஒண்ணும் போடக் கூடாது. வேணும்னா மாமா மொகத்துல தேச்சு விடுங்க" என்றாள் இவள். உன் அம்மா சிரித்துவிட்டாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் பள்ளியில் சேர்க்கை முகாம், வரச் சொல்லியிருந்தார்கள். சிவப்பு அடங்கவில்லை. மாஸ்க் உரசக் கூடாது, வெயில் படக் கூடாது. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். குடையை விரித்துக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அங்கே இலக்கியா என்று எட்டு வயதுப் பிள்ளை. இவள் கன்னத்தையே பார்த்தது. விரலால் குத்துவது போலச் சைகை காட்டியது. "யாரு குத்துனதுன்னு கேக்குறா டீச்சர்" என்றார் அதன் தாய், சங்கடத்தோடு. கலைமதி குனிந்து, முகத்தைப் பிள்ளைக்கு நேரே கொண்டுவந்து, உதடு தெரிய நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "நானே… போயி… குத்திக்கிட்டேன்." பிள்ளை கடைசிச் சொல்வரை உதட்டைப் பார்த்திருந்துவிட்டுக் கலகலவென்று சிரித்தது. தலைமையாசிரியர் கதவருகே நின்றிருந்தார். நேற்றைய போன் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்றும் நான் நேரில் பார்த்ததுதான். தீபாவளியன்று கலைமதி மாஸ்க் இல்லாமல் வீடியோவில் உன்னோடு பேசிக்கொண்டிருக்க, உன் அறை நண்பர்கள் எட்டிப் பார்த்தபோது நீ போனைக் கவிழ்த்தாய். அதைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் பேசவில்லை.

மூன்றாவது சிட்டிங் ஜூலை முதல் தேதி. முழுப் பலன் தெரிய ஆண்டு முடிய வேண்டும் என்கிறார் மருத்துவர். அதுவரை குழிகள் இருக்கும். பிறகும் கொஞ்சம் இருக்கும்.

வேலையில் சேருவதற்கு முந்தின நாள், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, கலைமதி உன்னை வீடியோவில் அழைப்பாள். மாஸ்க் இருக்காது. நண்பர்களும் அறையில் இருக்கட்டும். போனை நேராகப் பிடி, தம்பி. இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ரெங்கராஜ்