அப்பா கால்வாயில் இறங்கிய செவ்வாய்க்கிழமை

ஸ்த்ராஷ்னிட்சே
செப்டம்பர் 10, புதன்

என் செல்லம் ஹெத்விகா,

இங்கே நானும் உன் அப்பாவும் முழு உடம்போடும் உலர்ந்த துணியோடும் நலமாக இருக்கிறோம். உலர்ந்த துணி என்று ஏன் எழுதினேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். அங்கே ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் இல்லாமல் இருக்கவேண்டும், அந்தக் கடல் காற்றில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. இந்தச் சங்கதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார், நான் ஒன்று சொன்னால் அவர் நாலு திருத்தம் சொல்வார். இன்றைக்கு வீடு காலி, அதனால் எழுதுகிறேன். இந்த வருஷம் பிளம் காய்ப்பு பரவாயில்லை, என் வலது முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்கிறது, கொட்டகைக் கூரையைப் பார்க்கிறேன் என்ற ஆள் இன்னும் வரவில்லை.

ஜனவரியில் அப்பாவுக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்ததும் லாரி லைசென்ஸ் போனதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் இருந்த இருப்பை நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் நடந்தது கட்டிலிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும். மே மாதம் எங்கள் கோயில் பாடகர் குழுவில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளில் கிளம்ப ஆரம்பித்தோம். கால்வாய்க் கரையோரமாகச் சரளைப் பாதையில் மதகு வரைக்கும், அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி ஒயின் நிலவறைகள் வரைக்கும். பாதை முகப்பில் இரும்புக் கம்பம் நட்டிருப்பதால் ஒரு காரும் உள்ளே வரமுடியாது. ஹார்ன் சத்தம் இல்லை, டயருக்கு அடியில் பொடிக்கல் அரைபடும் சத்தம் மட்டும்தான், இரண்டு இரண்டு பேராகப் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டே ஊர்க்கதை பேசலாம், எங்கள் குழுவின் வாயாடி யார்மிலா பேசாத நேரத்தில் பாடக்கூடச் செய்யலாம். அப்பாவையும் கூப்பிட்டேன். நாற்பது டன் லாரியை லிஸ்பன் வரைக்கும் ஓட்டினவன் நான், சைக்கிள் எல்லாம் பிள்ளைகள் சமாசாரம் என்று சொல்லிவிட்டார். சரி போங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒரு மாற்றம் வந்தது. காலை ஐந்தரைக்கே எழுந்து, சவரம் செய்து, வாசனைத் தண்ணீர் பூசிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று கிளம்பினார். முதல் வாரம் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் வாரம், கோழிக்குத் தீனி போடப் போகிறவன் மாதிரி அழுக்குச் சட்டையிலேயே இருந்த மனுஷனுக்கு வாசனைத் தண்ணீர் எதற்கு என்று தோன்றியது. திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் வெள்ளைத் தூசி, கணுக்காலில் சிராய்ப்பு, ஒரு நாள் சட்டைக் காலரில் திராட்சைக் கொடியின் சுருள் ஒன்று மாட்டியிருந்தது. கேட்டால், நடந்தேன் என்பார். அப்புறம் யார்மிலா வந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை என்று தொடங்கினால் அவள் சொல்லாமல் போகமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். மதகுக்குப் பக்கத்தில் வில்மாவின் தோட்டத்தருகே அப்பாவை இரண்டு தடவை பார்த்தாளாம், வில்மாவின் கை அவர் முதுகில் இருந்ததாம்.

வில்மா உனக்கு நினைவிருப்பாள், கணவன் இறந்து ஐந்து வருஷமாகியும் தோட்டத்தைத் தனியாகவே நடத்துகிறாள், சிரித்தால் அக்கரையில் வாத்து எழுந்து பறக்கும், என்னைவிட ஏழு வயது சின்னவள். சிரிக்காதே ஹெத்வி, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தொரு வருஷம். அவர் மாதக்கணக்கில் ரோட்டில் கிடந்த காலத்தில்கூட ஒரு நாள் நான் சந்தேகப்பட்டதில்லை, லாரியை எல்லாம் நிறுத்தியபிறகு நம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் இப்படியா என்று தோன்றியது. இரண்டு வாரம் சூப்பில் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் வாயே திறக்காமல் குடித்தார், அதைப் பார்த்ததும் குற்றவாளிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பிக் கால்மணி நேரம் கழித்து நானும் சைக்கிளை எடுத்தேன். கரையோரமாகப் போனால் தெரிந்துவிடும், அதனால் மேட்டுத் தோட்டங்கள் வழியாகச் சுற்றிப் போய், வில்மாவின் திராட்சை வரிசைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். அறுபத்தைந்து வயதில், மகளே, வண்டு கடிக்க, முழங்காலில் உட்கார்ந்து புருஷனை வேவு பார்த்தேன். இலையை விலக்கிப் பார்த்தால் கீழே பாதையில் உன் அப்பா ஒரு சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி விரிந்திருக்கிறது, முகம் பல் பிடுங்கப் போனவன் முகம். வில்மா பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், "கீழ பாக்காதீங்க அண்ணே, முன்னாடி பாருங்க. லாரி ஓட்டறப்ப டயரையா பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று கத்திக்கொண்டே.

அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஐரோப்பாவையே வளைத்து வந்த மனுஷனுக்கு. உட்கார்ந்த இடத்தில் யோசித்துப் பார்க்கிறேன், ஒரு நாளும் நான் அவரைச் சைக்கிளில் பார்த்ததே இல்லை, உனக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னபோதுகூட முதுகுவலி என்று படுத்துவிட்டாரே, பின்னால் ஓடினது நான்தானே. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் திராட்சை தின்ன வந்திருந்த குருவிக்கூட்டம் மொத்தமும் எழும்பியது, வில்மா திரும்பினாள், கை சீட்டை விட்டுவிட்டது, அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்து, எதிரே வரும் லாரிக்காரனுக்குக் கை காட்டுகிற மாதிரி ஒரு கையைத் தூக்கினார். அப்படியே நேராகக் கால்வாய்க்குள் போய்விட்டார்.

அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு நின்றது. நெஞ்சில் ஸ்டென்ட், குளிர்ந்த தண்ணீர், அது மட்டும்தான் மனதில். வரிசைக்குள் புகுந்து சரிவில் ஓடினேன், ஒரு செருப்பு எங்கோ போயிற்று, யோசிக்காமல் குதித்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, தண்ணீர் மார்பளவுதான். அவர் தலையில் பாசியோடு, சைக்கிளை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவர் காலரைப் பிடித்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

வில்மா எங்களைக் கரையேற்றி, நிலவறையில் உட்காரவைத்து, கம்பளியும் பிளம் சாராயமும் கொடுத்துவிட்டு, நாய்க்குச் சோறு வைக்கிறேன் என்று வெளியே போனாள். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். வீட்டில் நாலு பையன்களுக்கு ஒரே சைக்கிளாம், கடைசிப் பிள்ளையான இவர் கைக்கு வருவதற்குள் அது உடைந்துவிட்டதாம், பதினெட்டில் ராணுவத்தில் நேராக லாரிதானாம். "கல்யாணமான புதுசுல சொல்லியிருக்கலாம். வருஷம் போகப் போக அது பெரிய விஷயமாயிடுச்சு" என்றார். அதற்கு இப்போது எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். கம்பளி நுனியைத் திருகினார். "நாப்பது வருஷம் நான் கிளம்பறத நீ ஜன்னல்ல நின்னு பாத்த. இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் நிக்கறேன். அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாம போச்சு" என்றார்.

நான் அழுதேன், அதை ஏன் மறைக்கவேண்டும். பிறகு நான் என்ன நினைத்துப் பின்தொடர்ந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால் முகம் பூரித்துவிட்டது. "வில்மாவா, என்கூடவா?" என்று கேட்டார். யார்மிலாவும் நம்பினாளா, பாடகர் குழுவில் வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பிளம் வைத்த கொலாச் ரொட்டி ஒரு தட்டு சுட்டு வில்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஆம்பள வேணும்னா நீந்தத் தெரிஞ்சவனாப் பாத்திருப்பேன்க்கா" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக எங்களோடு வந்தார். லாரிக்காலத்து ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டார், யாருமே இல்லாத பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் கை காட்டினார். எல்லாம் வந்துவிட்டது, நிறுத்துவது மட்டும் இன்னும் வரவில்லை, திராட்சைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நிற்கிறார், அறுவடை நெருங்குகிற நேரத்தில் தோட்டக்காரர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். தோட்டத்து ஏற்றத்தில் அவரால் மிதிக்க முடியவில்லை, இறங்கித் தள்ளினார். நானும் இறங்கப் பார்த்தேன், நீ போ என்று சொல்லிவிட்டார். மேலே போய் நின்றேன். அவர் இதயம் தாங்குமா என்று என் இதயம் அடித்துக்கொண்டது. மெதுவாக வந்தார், இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். சமதளம் வந்ததும், யாரும் பிடிக்காமல், தானாகவே ஏறி உட்கார்ந்தார். என்னைத் தாண்டிப் போனார், நிறுத்தத் தெரியாதே. "வா லிபுஷே, என்னால நிக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். நான் வேகமாக மிதித்துப் போய் அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். அவரால் தலையைத் திருப்பி என்னைப் பார்க்க முடியவில்லை, பார்த்தால் விழுந்துவிடுவார். அதனால் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டே போனேன், நிலவறை வரைக்கும்.

இந்நேரம் தனியாக மதகு வரைக்கும் போயிருக்கிறார், பதினோரு மணிக்குள் வந்துவிடுவார். உன் மாமியார் கடிதத்துக்குப் பதில் போட்டாயா, போடு, அவர் மனதில் வைத்துக்கொள்வார். மழைக்காலத்துக்கு முன்பே பூட்ஸ் வாங்கிவிடு. மாதாவின் கை உங்கள் இருவர் தலைமேலும் இருக்கட்டும், வாய்விட்டுச் சிரிக்கும்படியான வீடாக உங்கள் வீடு அமையட்டும். ஒன்று மறக்காதே, ஞாயிறு போனில் அப்பா உனக்கு ஏதேனும் புதுச்செய்தி சொன்னால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள். கால்வாய் பற்றி அவர் சொல்லமாட்டார், நீயும் கேட்காதே.

அன்பு முத்தங்களோடு,
கையெல்லாம் பிளம் கறையாக இருக்கும் உன் அம்மா
லிபுஷே