மலைக்குடி ஒப்பாத பாட்டன்

பனிமுடி மலையும் ஐந்தாற்று வெளியும் ஒரு குடைக்கீழ் ஆளும் வெண்கோட்டு மாமன்னர் திருவாணைப்படி, அமைச்சர் பிரகதத்தர், கருங்கணவாய்க் கோட்டைத் தலைவர் உக்கிரபாலருக்கு எழுதுவித்த ஓலை. உம் மதில் உறுதியாய் நிற்க. உம் குதிரைகள் பிணியின்றிக் கொழுக்க. உம் வீரர் வாளுக்கு வேலையில்லாது போக.

சிட்டா மேட்டில் ஹிந்த்கோ மொழி பேசும் தரோலியர் என்னும் குடியினர் பட்டயமின்றி ஆடு மேய்க்கின்றனர் என்றும், அவரை இறக்கி மேட்டைக் கோட்டைக் குதிரைகளுக்கு விடவேண்டும் என்றும் விண்ணப்பித்திருந்தீர். ஏழு தலைமுறை வரலாற்றை அவையில் உரைப்போருக்குப் பட்டயம் வேண்டா என்பது நம் நாட்டு முறை. ஆகவே அக்குடியை அழைத்தோம்.

அவர்க்கு ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. வரலாறு முழுதும் குல்பானோ என்னும் பாடினியின் நெஞ்சில் இருக்கிறது. அவள் ஒவ்வொரு மூதாதையின் பெயரைச் சொல்லும்போதும் குடியினர் 'ஆஹோ', அதாவது 'ஆம், அப்படியே', என்று ஒப்பவேண்டும். ஒப்பாத பெயரைத் தாண்டி அவள் செல்லக்கூடாது.

வரும் வழியில் குடித்தலைவன் சேர்பாஸ் அவளைத் தனியே அழைத்திருக்கிறான். பஞ்சத்தில் ஓடிவந்தவனின் வழியினர் என்று தெரிந்தால் நம்மை விரட்டிவிடுவர், மேடு போனால் ஆடு போகும், ஆடு போனால் பிள்ளைகள் பட்டினி, ஆகையால் வாள்வலியால் மேட்டை வென்ற அரசகுமாரன் ஒருவனை முதற்பாட்டனாகச் சொல்லிவிடு என்று மன்றாடியிருக்கிறான். அவளுக்கும் மூன்று பிள்ளைகள். மனம் ஒப்பாமலே இசைந்தாள்.

அவையில் அவள் தலைவனின் தந்தை தொடங்கி மேல்நோக்கி ஆறு பெயர் சொன்னாள். ஆறுக்கும் மண்டபம் அதிர்ந்தது. ஏழாவதாக, மகுடம் சூடிய குலுகான் என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பர். அன்று ஊர் வாய் தானே மூடிக்கொண்டது. தலைவன் எல்லாரிடமும் முன்பே சொல்லித்தான் வைத்திருந்தானாம். ஆயினும் தாய்மடியில் கேட்ட பெயர் அதுவன்று, நா எழவில்லை. சேர்பாஸ் ஒருவன் மட்டும் ஆஹோ என்றான், அதுவும் இருமல் போலக் கேட்டது.

குல்பானோ மேலே செல்லவும் இயலாமல், திரும்பவும் இயலாமல் நின்றாள். பிள்ளைகளின் சோறு தன் வாயால் போகப்போகிறதே என்று எல்லார் முன்னும் அழுதாள். பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். முதற்பாட்டன் தாரு, திருடிய ஆடு ஒன்றோடும் பசித்த மனைவியோடும் ஆற்றைக் கடந்து ஓடிவந்தவன். மேடு அன்று கோகரர் என்னும் குலத்தாருடையது. அவர் அவனை அடிக்காமல் இடம் கொடுத்தனர். பின்னர்க் கொள்ளைநோயில் அக்குலம் அழிந்தபோது கடைசிக் கோகரன், எங்கள் கல்லறைகளை நீங்கள் பெருக்கிவரும் நாள்வரை மேய்ச்சல் உங்களுடையது என்று சொல்லிக் கண்ணை மூடினான். இதற்கு எழுந்த ஆஹோவில் தூண்புறாக்கள் பறந்தன. சேர்பாஸ் முகத்தை மூடிக்கொண்டான்.

தவளை தன் வாயால் கெட்டது, மேடு பிறருடையது என்று அவர்களே ஒப்பினர் என உம் சார்பில் வந்தவர் மகிழ்ந்தார். மன்னரோ மலைக்கு ஆள் அனுப்பினார். தரோலியர் தம் சொந்தக் கல்லறைகளில் புல் மண்டிக் கிடந்தது. கோகரர் கல்லறைகளில் ஒரு சருகும் இல்லை.

மன்னர் அருளியதாவது: பொய்யில் நிலைப்பவர் அரசனைப் பாட்டனாக்கிக் கொள்வர், ஆட்டுத்திருடனைப் பாட்டனென்று அரசவையில் உரக்க ஒப்பும் குடியை யாம் நம்புகிறோம். மேடு அவர்க்கே. சேர்பாஸ் அஞ்சிச் செய்தான், அவனுக்குத் தண்டமில்லை. உம் குதிரைகள் ஆற்றுவெளியில் மேய்க.

இனியும் வழக்கு வாராதிருக்க வரலாற்றை ஓலையில் எழுதித் தருவோம் என்றோம். பாடினி வணங்கி மறுத்தாள். ஓலையில் பொய்யை எழுதினாலும் அது தாங்கிக்கொள்ளும், என் மக்கள் தாங்கமாட்டார் என்றாள். நாற்பது ஆண்டு ஓலை எழுதுவித்த நமக்கு அது சுருக்கென்று தைத்தது.

ஆகவே ஆணை. இவ்வோலை இலச்சினையின்றி வருகிறது. இலச்சினையைத் தூதன் தனியே கொணர்வான். நீரே சிட்டா மேட்டில் ஏறி, தரோலியர் அனைவரும் கேட்க இதனை வரி வரியாய்ப் படிப்பீராக. எவ்வரிக்கு அவர் வாய் திறவாரோ, அவ்வரியை அடித்துவிட்டு ஓலையைத் திருப்பி அனுப்புவீராக, பிழை நம்முடையது. எல்லா வரிக்கும் ஒப்பினால் மட்டுமே, மன்னர் பெயரால் முத்திரை இடுவீராக.