பியானோவுக்கு அடியில் அப்பாவின் குரல்

அன்புள்ள சின்னவனுக்கு,

அண்ணன் எழுதுவது. முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பினாள், அதனால் விசாரிக்கிறேன், நலமா. நீ நலம் என்பது உன் வீடியோக்களைப் பார்த்தாலே தெரிகிறது, பின்னால் ஏரி மின்ன, தலைமுடி பறக்க, அவசரமே இல்லாமல் நடந்து வருகிறாய். இங்கேயும் எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னாள், அதை மட்டும் என்னால் எழுத முடியாது. இது அப்பா எழுத வேண்டிய கடிதம். அவர் மாட்டேன் என்கிறார், அம்மா உட்கார்ந்தால் இரண்டாவது வரியில் தாள் நனைந்துவிடுகிறது, ஆகையால் வேலை என் தலையில் விழுந்தது. போனில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாய். இந்த மாதம் முழுக்க ஒரே விடுதியில் தங்கிப் படம் எடுக்கிறேன் என்றாயே, அந்த முகவரிக்குத் தாளில் அனுப்புகிறேன். தாளை விரலால் மேலே தள்ளிவிட முடியாது.

அம்மா சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். பாறை ஓரத்தில் நிற்காதே. பின்பக்கமாக நடந்துகொண்டே எடுக்கிறாயாமே, "அவனுக்கு முதுகுல கண்ணா இருக்கு, மனுஷன் மாதிரி நேரா நடக்கச் சொல்லு" என்றாள். குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மாடி வீட்டு டெய்லர் அக்கா உன் வீடியோக்களைத் துணி தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார், அளவு கொடுக்க வந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு அளவு கொடுக்க மறந்து போகிறார்கள். எனக்கு அதே கேமரா வேலைதான், கடை கடையாக ஏணி போட்டு மாட்டுவது, ரிப்பேர் பார்ப்பது. இதை எழுதுவதும் ஒரு கடை வளாகத்துக் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்துதான். முன்னால் சுவர் நிறையத் திரைகள், ஒன்றிலும் சத்தம் கிடையாது. நீ எடுப்பதும் நான் மாட்டுவதும் கேமராதான், என்னுடையதை யாரும் அழகு என்று சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது விஷயம். அப்பாவுக்குத் தொண்டையில் சின்ன ஆபரேஷன், முடிந்துவிட்டது, கொஞ்ச நாள் பேசக் கூடாது என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பொய். புற்றுநோய். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர், ஆனால் அந்தக் குரல் இனிக் கிடையாது. "வெளியூர்ல தனியா இருக்கற பிள்ளையைக் கலங்கடிக்காதே" என்று அம்மாவும் அப்பாவும் சேர்ந்து என் வாயைக் கட்டினார்கள், மூன்று வாரம் பொறுத்தேன், இன்று அவிழ்த்துவிட்டேன். நீ மலையிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாய், "அப்பா நல்லா ரெஸ்ட் எடுங்க, பேசவே பேசாதீங்க" என்று. அட்சரம் பிசகாமல் அப்படியே நடந்துகொள்கிறார்.

சரக்குக் கிடங்கில் லாரிகளைப் பின்னால் எடுக்க வைக்கிற வேலையை வெறும் தொண்டையை வைத்தே அத்தனை வருஷம் பார்த்தவர். வா வா வா, ஒடிச்சு வா, நேர் பண்ணு, போதும்யா போதும் என்று அவர் போடுகிற சத்தம் நாம் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே கேட்கும். டிரைவர்கள் வைத்த பெயர் ஹாரன். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரம் நின்று, "நீங்க இல்லாம ரெண்டு தடவை சுவத்துல இடிச்சுட்டேன் சார், சுவர் உங்களைக் கேட்டுச்சு" என்றார். அப்பா சிரித்தார். தோள் குலுங்கியது, வாய் திறந்தது, சத்தம் இல்லை. என் திரைகளில் ஆட்கள் சிரிப்பது போலவே இருந்தது. வீட்டில் ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரில் கரண்டியால் தட்டுகிறார். தெருவில் எவன் வீட்டில் கரண்டி விழுந்தாலும் அம்மா எழுந்து நிற்கிறாள். "ஊரே திரும்பிப் பாக்கற தொண்டை, வீட்டுக்குன்னு ஒரு துளி மிச்சம் வைக்கலையே" என்று ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், யாரை நொந்துகொண்டாள் என்று தெரியவில்லை.

மிச்சம் தேடினேன். குரல் செய்தி அனுப்புகிற வழக்கமே அவருக்கு இல்லை, பேச வேண்டுமென்றால் கூப்பிடுவார், அதுவும் வந்துட்டேன், வெச்சிடறேன், இரண்டே வார்த்தை. வீட்டில் எல்லோருடைய போனிலும் அவர் படங்கள் இருக்கின்றன, குரல் இல்லை. அவர் உட்கார்ந்து பேசுவது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. போன வருஷம் நீ ஒரு வாரம் வந்திருந்தபோது எடுத்தாயே, வீட்டின் காலை என்று பெயர் வைத்து, லட்சக்கணக்கான பேர் பார்த்த அந்த வீடியோவில். ஜன்னலோரம் அப்பா, மேஜையில் தேநீர், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஆவி எழும்புகிறது. ஆவி வர வேண்டும் என்பதற்காக அம்மாவை மூன்று தடவை தேநீரைச் சுட வைக்கச் சொன்னாய், அவருக்குக் குடிக்கக் கொடுத்தாயா என்று ஞாபகமில்லை. வேலையைக் குறை சொல்ல மாட்டேன், வெளிச்ச அளவை ஜன்னலுக்கு ஏற்றபடி நிறுத்தியது சரி, லென்ஸைத் துடைத்திருக்கிறாய், கை ஆடவில்லை. அப்பா ஏதோ பேசுகிறார், கை கழுத்துக்குப் போகிறது, அங்கேயே நிற்கிறது, பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். எல்லாம் மெதுவாக, மேலே பியானோ இசை. அம்மா தினமும் அதை முழுச் சத்தத்தில் வைத்து போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். பியானோவுக்கு அடியில் அவர் குரல் இருக்கும் என்று நினைக்கிறாள். இல்லை என்று சொன்னால், "நீ சரியா கேக்கலை" என்கிறாள். அந்தச் சத்தத்தை உன்னிடம் கேட்டு வாங்கித் தரச் சொன்னாள். இந்தக் கடிதத்தின் காரணம் அவளைப் பொறுத்தவரை அது மட்டும்தான்.

என்னைப் பொறுத்தவரை வேறு ஒன்று இருக்கிறது. நீ விநாடிக்கு நூற்றிருபது ஃபிரேம் எடுத்து முப்பதில் ஓட்டியிருக்கிறாய், அதாவது நாலு மடங்கு மெதுவு. நான் அதை இறக்கி நாலு மடங்கு வேகமாக்கினேன். அப்பா சாதாரண மனுஷனாகிவிட்டார், சாதாரணமாகக் கண் சிமிட்டினார், சாதாரணமாகப் பேசினார். சத்தமில்லாத படத்தைக் காட்டி, எவன் என்ன சொல்லித் திட்டினான் பார் என்று கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டு எனக்கு உதடு படிக்கிற பழக்கம் உண்டு. திரும்பத் திரும்ப ஓட்டினேன். டேய் சின்னவா என்கிறார். இங்க கட்டி மாதிரி இருக்குடா என்கிறார், கை போவது அப்போதுதான். முழுங்கினா வலிக்குது என்கிறார். பிறகு உன்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைத்தான் உன் ரசிகர்கள் ஆயிரம் கதை சொல்லும் கண்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் கதை சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

நம்பாமல், அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவரிடமே கேட்டேன். பிள்ளைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதில் எழுதினார். சும்மா ஏதாவது பேசிட்டே இருங்கப்பான்னு சொன்னான், சரி, அவன் கேக்கறானேன்னு வலியைச் சொன்னேன். அழித்துவிட்டு, உங்கிட்ட சொன்னா கத்துவே, அம்மாகிட்ட சொன்னா அழுவா. அழித்துவிட்டு, அவன் 'சூப்பர்ப்பா, கையை மட்டும் இன்னும் மெதுவா இறக்குங்க, இன்னொரு தடவை'ன்னான், அதனால பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன். இன்னொரு தடவையும் அதையேதான் உன்னிடம் சொன்னாராம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கதிர்வீச்சு சிகிச்சையிலேயே குரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். நீ எடுத்தது எட்டு மாதம் முன்னால். கடைசியாக அவனுக்குச் சொல்லாதே என்று எழுதி, கீழே கோடு போட்டு, நான் பார்த்ததும் அழித்துவிட்டார். அவர் பேச்சை மீறுகிறேன், அவர் எழுந்து வந்து கத்தப் போவதில்லை.

நீ கெட்டவன் என்று எழுதவில்லை. உன் காதில் விழுந்திருக்கும், மனதில் ஏறியிருக்காது. நான் வேலையிலும் அம்மா அடுப்படியிலும் இருந்தோம், எங்களுக்குத் தெரியவில்லை. நீ ஒரு கை தூரத்தில் இருந்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் வேலையை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். ஆட்களை எடுக்கும்போது அவர்கள் வாய் அசைந்தால் போனை இறக்கு, அவ்வளவுதான் என் தொழில்நுட்ப ஆலோசனை.

இனி நீ செய்ய வேண்டியது. மெதுவாக ஓட்டினாலும் எடுத்த கோப்பில் சத்தம் இருக்கும், பியானோ நீ பிறகு வைத்தது. அதைத் தேடு. இடம் போதவில்லை என்று அழித்திருந்தால் அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, சாக்கு எழுதாதே, அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். இருந்தால் குடும்பக் குழுவில் போட்டுவிடாதே, எனக்கு மட்டும் அனுப்பு. அம்மா முழுவதையும் கேட்கக் கூடாது, கேட்டால் தாங்க மாட்டாள். முதலில் உன்னைக் கூப்பிடுகிறாரே, டேய் சின்னவா என்று, அதை மட்டும் வெட்டிக் கொடுக்கிறேன். அவளுக்கு அது போதும், அவர் குரலில் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தம்.

உனக்கு ஆசி எழுதச் சொல்லி அப்பாவிடம் பலகையை நீட்டினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, நல்லா இரு, வீடியோ எல்லாம் நல்லா இருக்கு என்று எழுதினார். அம்மாவின் ஆசியும் அதோடு. நான் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஓரத்தில் நிற்காதே.

அனுப்புவதற்கு முன் நீ ஒரு தடவை கேள். இயர்போன் போட்டுக்கொள், வேகத்தைக் குறைக்காதே, மேலே எதுவும் சேர்க்காதே. கூப்பிடுகிற சத்தம் அம்மாவுக்கு. மிச்சம் உனக்குச் சொன்னது.

அப்பாவுக்குப் பதிலாக,
உன் அண்ணன்